மூடாக்கு முதலில், டிரம் பிறகு: செட்டிநாட்டுச் செம்மண்ணில் காய்கறி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இயற்கை முறையில் காய்கறி போட இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் நீல டிரம், ஜீவாமிர்தம் கலக்க. சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து ஊறவைக்கும் கரைசல் அது. வாரம் தவறாமல் ஜீவாமிர்தம் ஊற்றியும் மாசி பிறந்ததும் கத்தரி வாடி நிற்கும். கரைசலில் குறையில்லை, ஊற்றிய இடம் வெறுந்தரை. கரைசலிலுள்ள நுண்ணுயிர்களுக்கு நிழல், ஈரம், தின்ன மட்கு மூன்றும் வேண்டும். கை வைக்க முடியாமல் சுடும் செம்மண்ணில் இந்த மூன்றுமே கிடையாது.

நம் மண் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் வேலையின் வரிசை தானாகப் புரியும். மேலே கொஞ்சம் செம்மண், கடப்பாரை இறங்கினால் செம்பராங்கல் சரளை. களி குறைவு, அதனால் தண்ணீர் நிற்காது. இரும்புச் சத்து கூடுதல், அது மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். மட்கு மிகக் குறைவு. விதைத்த பாத்தியில் ஒரு அடைமழை அடித்து மறுநாள் வெயில் காய்ந்தால் மேலே அப்பளம் மாதிரி ஏடு கட்டும். விரலால் நெம்பினால் தகடாகப் பெயர்ந்து வரும். அதன் அடியில் முளைத்த வெண்டை கழுத்து வளைந்து வெளுத்துக் கிடக்கும். விதை மோசம் என்று கடைக்காரரிடம் போய்ப் பயனில்லை. மண்மேல் மழைத்துளி நேராக அறைந்ததுதான் காரணம்.

ஆக முதல் வேலை மண்ணைச் சருகாலும் தழையாலும் போர்த்துவது, அதாவது மூடாக்கு. பாத்தி மூன்றரை அடி அகலம், நடைபாதை ஒன்றரை அடி. பாத்திமேல் கால் வைக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அரை அடி உயர்த்துங்கள். தை மாதத்துக்குப் பிறகு நடுவதென்றால் தரைமட்டமாகவோ இரண்டு விரல் பள்ளமாகவோ இருக்கட்டும். நம் வெயிலுக்கு மேட்டுப்பாத்தி கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

மூடாக்கு நான்கு அங்குலம் இருக்க வேண்டும். ஒரு அங்குலம் தூவினால் களை அதையும் தாண்டி வரும். வைக்கோலும் கடலைக்கொடியும் மாட்டுக்கே பற்றாது. கரும்புச் சோகை, வாழைச் சருகு, துண்டு போட்ட தென்னை ஓலை, வேலியில் வைத்த கிளைரிசிடியா தழை, இவை போதும். சும்மா கிடைக்கிறதே என்று தைலமரச் சருகை மட்டும் அள்ளி வராதீர்கள். அதிலிருந்து இறங்கும் சாறு நாற்றையும் முளைப்பையும் அமுக்கிவிடும்.

மூடாக்கில் மூன்று தவறு நடக்கும். ஒன்று, காய்ந்த சருகை மண்ணோடு கொத்திக் கலப்பது. சருகை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். மேலேயே கிடக்கட்டும். இரண்டு, தண்டை ஒட்டிப் போடுவது. மழைக்காலத்தில் கழுத்து அழுகும், ஆகவே தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். மூன்று, காய்ந்த தரையில் போடுவது. கரையான் அங்குதான் முதலில் வரும். தண்ணீர் பாய்ச்சி, கொஞ்சம் பச்சைத் தழை விரித்து, அதன்மேல் சருகு போட்டு, கீழ் அடுக்கு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் கரையான் தொல்லை குறையும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பலதானியம் விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ என்பது கணக்கு, 25 சென்ட்டுக்கு 6 கிலோ. தானியம், பயறு, எண்ணெய்வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் என்று கலந்து ஆடி மழைக்கு விதைத்து, பூவெடுக்கும் பருவத்தில், சுமார் 50 நாளில், மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். மடக்கிய கையோடு நாற்று நட்டால் மட்கும் சூட்டில் வேர் வெந்துபோகும். 15 நாளாவது பொறுங்கள்.

ஆடுமாடு மேயும் ஊரில் வேலி இல்லாத நிலமென்றால் கொளுஞ்சி என்ற பசுந்தாள் செடி போடலாம். மாடு வாய் வைக்காது, சரளையிலும் வரும். விதைத்தோல் கெட்டி. மணல் கலந்து உரலில் லேசாகத் தேய்த்து விதைக்காவிட்டால் பாதி முளைக்காது.

கோடையில் கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) வந்தால் இரண்டு மூன்று இரவு கிடை போட, அதாவது ஆட்டை நிலத்தில் அடைத்து வைக்க, சொல்லுங்கள். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்பது சும்மா சொன்னதல்ல. காலையில் கிடை எழுந்ததும் அன்றைக்கே மேலாக உழுதுவிட வேண்டும். தள்ளிப்போட்டால் மூத்திரத்திலுள்ள தழைச்சத்து வெயிலில் ஆவியாகிப் போகும்.

கண்மாய் வண்டல் இந்த மண்ணுக்கு வரம். தாலுகா ஆபீஸில் அனுமதி வாங்கி, 5 சென்ட்டுக்கு ஒரு டிப்பர் போடலாம். முன்கூட்டியே உப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதல் மழைக்கு அதிலிருந்து சீமைக்கருவேல் முளைத்து வரும், இரண்டு இலையிலேயே பிடுங்கிவிட வேண்டும். கரிமூட்டத்தில் கழியும் கரித்தூளும் நல்லதுதான். ஆனால் கோமியத்திலோ ஜீவாமிர்தத்திலோ இரண்டு வாரம் ஊறவைக்காமல் போட்டால் மண்ணிலிருக்கும் சத்தை அது முதலில் தான் இழுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஆனபிறகு டிரம். 200 லிட்டர் என்பது ஒரு ஏக்கருக்கான கணக்கு. 25 சென்ட்டுக்கு 50 லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிலோ புதுச் சாணம், இரண்டரை லிட்டர் கோமியம், அரை கிலோ வெல்லம், அரை கிலோ பயறு மாவு, மரத்தடி மண் ஒரு பிடி. சாக்கு மூடி நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கலக்கி, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயில் அப்படியே விட்டால் துவாரம் அடைக்கும். ஈர மூடாக்கின் மேல் சாயங்காலம் குவளையால் ஊற்றுவதே சுலபம்.

கத்தரியில் தலை தொங்கிய குருத்தைக் கண்டதும் ஓர் அங்குலம் கீழே நறுக்கிப் பிளந்து பாருங்கள், உள்ளே வெளிர் ரோஸ் நிறப் புழு இருக்கும். வாரம் ஒருமுறை நறுக்கித் தோட்டத்துக்கு வெளியே அழியுங்கள். 25 சென்ட்டுக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வையுங்கள். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத்தூளை இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசலோடு மாலையில் அடியுங்கள்.

காய்ப்பு ஓய்ந்த செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். ஆனால் முதலில் ஒன்றிரண்டைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு, அந்தப் பாத்திச் செடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு செண்டுமல்லி நெருக்கமாக நடுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் அங்கே இரண்டு பட்டத்துக்கு வேண்டாம்.