ஒரே விசா, மூன்று முறை சுங்கம்

இத்தாலியில் நான்கு நாள், சுவிட்சர்லாந்தில் எட்டு நாள், ஆஸ்திரியாவில் மூன்று நாள் என்று சினிமா படப்பிடிப்புக்கு ஷெட்யூல் போட்டால் ஆட்களுக்கு ஒரே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் விசா) போதும். அதிக நாள் தங்கும் நாடு என்பதால் சுவிட்சர்லாந்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கேமராவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. நார்வே, ஐஸ்லாந்தும் அப்படித்தான். அயர்லாந்து நேர்மாறு, சுங்கம் ஒன்று, விசா தனி.

விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். முடிவு வர 15 நாள், சிக்கலான கேஸில் 45 நாள்கூட ஆகும். பயண நோக்கத்தில் 'சுற்றுலா' என்று எழுதாதீர்கள், லைட்மேன் வரை எல்லாருக்கும் படப்பிடிப்பு என்றே இருக்கட்டும். விசா உள்ளே நுழையத்தான். அங்கே வேலை செய்ய அனுமதி வேண்டுமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். அங்கே படப்பிடிப்பு வேலைகளை ஏற்பாடு செய்யும் லோக்கல் லைன் புரொட்யூசரிடம் மூன்று நாட்டுக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்கு ஏடிஏ கார்னே, அதாவது வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம். இந்தியாவில் ஃபிக்கி (இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பு) கொடுக்கிறது, அதிகபட்சம் ஓராண்டு செல்லும், வங்கி உத்தரவாதம் போன்ற ஈடு கட்ட வேண்டும். அதில் பச்சை அட்டை, மஞ்சள் தாள், வெள்ளைத் தாள் இருக்கும். மஞ்சள் இந்தியாவை விட்டுப் போகவும் திரும்பவும். வெள்ளை ஒவ்வொரு சுங்க எல்லைக்கும் ஒரு ஜோடி, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மேலே சொன்ன ஷெட்யூலுக்கு இத்தாலிக்குள், சுவிட்சர்லாந்துக்குள், மறுபடி ஆஸ்திரியா வழியாக ஒன்றியத்துக்குள் என மூன்று ஜோடி. நான்காக வாங்குங்கள். மழை வந்து லொக்கேஷன் மாறினால் இன்னொரு முறை எல்லை தாண்ட வேண்டிவரும்.

பொருள் பட்டியலில் பிராண்ட், சீரியல் எண், எடை, மதிப்பு, தயாரான நாடு எல்லாம் வேண்டும். கார்னே வந்தபின் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. பெரும்பாலும் வம்பு வருவது இங்கேதான். ரென்டல் ஹவுஸ் கடைசி ராத்திரி 50 எம்எம் லென்ஸை அதே மாடலில் வேறொன்றாக மாற்றி அனுப்பும், தாளில் பழைய சீரியல் இருக்கும். அதனால் பெட்டி பூட்டும் முன் ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸ் பார்க்கும் கேமரா உதவியாளர்) எண்ணைப் படிக்க, இன்னொருவர் தாளில் டிக் அடிக்கட்டும். தீர்ந்துபோகும் சாமான்களான டேப், ஜெல் (விளக்குக்கு முன் வைக்கும் வண்ணத் தாள்), மேக்கப் எதுவும் கார்னேயில் ஏறாது.

பேட்டரியும் பட்டியலில் இருக்க வேண்டும், ஆனால் விமானத்தில் செக்-இன் செய்யும் பெட்டியில் போகக் கூடாது. உதிரி லித்தியம் பேட்டரிக்குக் கைப்பை மட்டும்தான். 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-அவர் என்றால் சுமார் 98 வாட்-அவர், சிக்கலில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவன அனுமதியோடு ஆளுக்கு இரண்டு. 160க்கு மேல் கார்கோதான். ஆறு பேர் பையில் பிரித்து வைத்தால், சுங்கத்தில் காட்ட அந்த ஆறு பேரும் கூடவே நிற்க வேண்டும். ஒருவர் காபி குடிக்கப் போனால் எல்லாரும் காத்திருப்பார்கள்.

சென்னையில் மஞ்சள் முத்திரை செக்-இன்னுக்கு முன். பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் அதிகாரி எதைப் பார்ப்பார்?

தரைவழி எல்லையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இத்தாலியிலிருந்து சுவிஸ் எல்லை ஊரான கியாஸ்ஸோ வழியாக வரும் வேனை யாரும் நிறுத்தாமல் போகலாம், டிரைவரும் சந்தோஷமாக ஓட்டிவிடுவார். அப்படிப் போனால் இத்தாலியை விட்டு வெளியேறிய வெள்ளைத் தாளில் முத்திரை இருக்காது. சரக்கு அங்கேயே விற்கப்பட்டது என்றுதான் சுங்கம் எடுத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தி இரண்டு நாட்டு முத்திரையும் கேட்டு வாங்க வேண்டும். சின்னச் சாவடிகளில் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் கார்னே பார்க்க ஆள் இருக்காது, வேன் புறப்படும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். அடித்தாளில் (தாளைக் கிழித்தபின் கார்னேயிலேயே தங்கும் துண்டு) 'இந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும்' என்று அதிகாரி எழுதுவதையும் படியுங்கள், அது கார்னே காலாவதிக்கு முன்பே இருக்கலாம்.

சமையல் பெட்டி தனிக் கதை. சாம்பார் பொடிக்குப் பயமில்லை. நெய், பால்கோவா, பால் பவுடர், இறைச்சி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகாது.

திரும்பியதும் கார்னேயின் அசலை ஃபிக்கியிடம் கொடுத்தால்தான் வங்கி உத்தரவாதம் விடுபடும். கொடுக்கும் முன் எல்லா அடித்தாள்களையும் ஸ்கேன் செய்துவையுங்கள். கார்னே காலாவதியாகி ஓராண்டுக்குள் வெளிநாட்டுச் சுங்கம் வரியும் அதன்மேல் 10 சதவீதம் வரையும் கேட்கலாம். அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டியது கியாஸ்ஸோ முத்திரையின் நகல்.