கொக்கி எண்ணிய நாள்

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ப் பகுதிக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் கையை விடாதீர்கள். பல இடங்களில் கரையோரம் தடுப்பே கிடையாது. இருக்கும் இடத்திலும் கார் விழாமலிருக்கத் தாழ்வாக ஒரு கம்பி, அவ்வளவுதான். 3 வயதுக்காரன் அதனடியில் சுலபமாக நுழைந்துவிடுவான். அங்கத்துப் பிள்ளைகள் நீச்சல் சான்றிதழ் வாங்க உடுப்போடும் ஷூவோடும் நீந்திக் காட்ட வேண்டுமாம். ஏனென்று நாங்கள் போன அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தக் கால்வாய்கள் 17ஆம் நூற்றாண்டில் வெட்டியவை, 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை என்றெல்லாம் சொன்னால் 6 வயது மகள் கேட்பாளா? "அம்மா, வீடெல்லாம் ஏன் குனிஞ்சு பார்க்குது?" என்றாள். நல்ல கேள்வி. உள்ளே படிக்கட்டு குறுகல், ஏணி மாதிரி செங்குத்து. கட்டில், பீரோவையெல்லாம் உச்சியிலிருக்கும் கொக்கியில் கயிறு மாட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுவார்கள். சாமான் சுவரில் இடிக்காமலிருக்க முகப்பையே முன்பக்கம் சாய்த்துக் கட்டிவிட்டார்கள். (அஸ்திவாரம் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்த வீடுகளும் உண்டு, அது வேறு கதை.) அப்புறம் பிரின்சன்கிராக்ட் கால்வாய் நெடுகக் கொக்கி எண்ணுவதுதான் வேலை. 43 வந்தபோது சின்னவன் தோளில் தூங்கிப்போனான்.

சிங்கல் கால்வாயில் ஆதரவற்ற பூனைகளுக்கு ஒரு காப்பகம் படகிலேயே மிதக்கிறது. பிற்பகலில் கொஞ்ச நேரம்தான் திறப்பு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மூடிவிட்டார்கள். ஜன்னலோரம் இருந்த கறுப்புப் பூனைக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தோம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.