நீர்கொழும்பில் நாங்கள் பார்த்த வீடு

அம்மாவின் முழங்கால் நோவு கூடி, மின்தூக்கி பழுதாகும் நாட்களில் கோயிலுக்குக்கூடப் போக முடியாமற் போனபோதுதான், வெள்ளவத்தையின் ஐந்தாம் மாடியை விட்டு நிலத்தோடு ஒட்டிய வீடொன்றுக்கு மாறவேண்டும் என்று முடிவெடுத்தோம். கொழும்புக்குள் காணி விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. 2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்ட பின் பயண நேரம் குறைந்துவிட்டதாலும், கோயில்களும் தமிழ்ப் பாடசாலையும் அங்கே இருப்பதாலும் நீர்கொழும்பைத் தேர்ந்தோம்.

விளம்பரத்தில் ‘விசாலமான நவீன குடும்ப வீடு’ என்றிருந்தது. காணி 20 பேர்ச்சஸ், அதாவது ஏக்கரில் எட்டிலொரு பங்கு. படுக்கையறைகள் ஐந்து, அவற்றில் ஒன்று கீழ்த்தளத்திலேயே குளியலறையோடு. வாசலைக் கடந்ததும் வானம் தெரியும் உள்முற்றம் ஒன்று இருந்தது. நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்த அம்மா அதன் ஓரத்தில் அமர்ந்து வெகுநேரம் எழும்பவேயில்லை. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் தம் வீட்டை முற்றங்களைச் சுற்றி அமைத்துக்கொண்ட கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா போன்றோரின் வழியில் வந்த சிந்தனை இது. காற்றும் வெளிச்சமும் மின்சாரத்தை எதிர்பாராமல் உள்ளே வருகின்றன. இந்த வீட்டின் உண்மையான விசாலம் அறைகளின் எண்ணிக்கையில் அல்ல, அந்த முற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் மேற்குப் பக்கம் எனக்குக் கவலை தந்தது. கடலைப் பார்த்த சுவர் முழுவதும் கண்ணாடி. அதற்கு மேலே ஒரு முழம்கூட நீளாத கூரை. தென்மேற்குப் பருவக்காற்று மேயிலிருந்து செப்டெம்பர் வரை அந்தத் திசையிலிருந்தே மழையை அடித்துக்கொண்டு வரும். ஆகவே யூன் மாதத்து மழை நாளொன்றில் வேண்டுமென்றே இரண்டாம் முறை போனோம். கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தில் நீர் தேங்கி, மரத்தரையின் ஓரம் உப்பியிருந்தது. அதைவிட முக்கியமானது மேல்மாடி பால்கனியின் அடிப்பக்கத்தில் ஓடிய மெல்லிய பழுப்புக் கோடு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பியைத் தொட்டால் அது துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீற் உள்ளிருந்தே வெடித்து உதிரும். மேலே வண்ணம் பூசினால் அது சில மாதங்களுக்கு மறையுமே தவிர நிற்காது. எங்களோடு வந்த மேசன் அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டியபோது பொள்ளென்று ஒலித்தது. விற்பவர் இதைத் தாமாகவே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கிணற்று நீர் அன்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது மழைக்காலம். கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால், கோடையில் மோட்டார் போட்டு அதிகம் இறைத்தால் உப்பு மேலேறிவிடும். மார்ச்சில் ஒருமுறை சுவைத்துப் பார்க்காமல் அந்தக் கிணற்றை நம்ப முடியாது.

கடலின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கும் நிலம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், கட்டுவதற்குப் பெற்ற அனுமதிப் பத்திரத்தையும், அனுமதித்த வரைபடப்படியே வீடு கட்டப்பட்டது என்று மாநகர சபை தரும் இணக்கச் சான்றிதழையும் கேட்டிருக்கிறோம். செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வையையும் மறக்கக்கூடாது: முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஆறு கோடி ரூபாய் வீடென்றால் அதுவே 23,99,000 ரூபாய் ஆகிறது.

பால்கனியை உடைத்துக் கட்டவும், மேற்கே ஆழமான தாழ்வாரம் இறக்கவும் ஆகும் செலவை மேசன் எழுதித் தந்திருக்கிறார். அந்தத் தொகையை விலையிலிருந்து கழிக்கும்படி கேட்டிருக்கிறோம். உறுதி எழுதும் நொத்தாரிசு கடந்த முப்பது ஆண்டுக் காணி உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். அம்மா தினமும் கேட்பது ஒன்றுதான், அந்த முற்றத்தில் துளசி வைக்க இடம் இருக்குமா என்று.