சுண்ணாம்பு கொதிக்கும் சத்தம்: என் முதல் பாட்காஸ்ட்

நேற்று ராத்திரி என் முதல் பாட்காஸ்டை வெளியிட்டுவிட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வேதியியல், மொத்தம் 9 நிமிடம், பாடம் சுண்ணாம்பு. அந்த 9 நிமிடத்துக்கு இரண்டு மாதம் பிடித்தது. இதே மாதிரி ஆரம்பிக்க நினைக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் சுண்ணாம்பு? எங்கள் செட்டிநாட்டில் பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் சுண்ணாம்பு பூசிய சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், கை வைத்தால் சில்லென்று இருக்கும். என் பிள்ளைகள் தினமும் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் 'நீற்றுச் சுண்ணாம்பு' என்று மனப்பாடம் செய்கிறார்கள். சாய்ந்திருக்கும் சுவரும் படிக்கிற சுண்ணாம்பும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

முதலில் தெரு முனையில் இருக்கும் ஆச்சி வீட்டு வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய இடம்) உட்கார்ந்து பதிவு செய்தேன். அமைதியான இடம், ஒரு குறையும் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. காரணம் யோசித்தபோதுதான் புரிந்தது: வழவழப்பான சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கல் தூண், இதில் எதுவுமே சத்தத்தை உள்ளே வாங்காது, எல்லாம் திருப்பி அனுப்பும். எந்தச் சுவரைப் பற்றிப் பாடம் எடுத்தேனோ அதே சுவர்தான் எதிரொலியும் கொடுத்தது. ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக வருவதை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் குறைத்துவிடலாம் (பேசத் தொடங்கும் முன் சில நொடி சும்மா இருந்து அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காட்டித்தான் மென்பொருளிடம் நீக்கச் சொல்ல வேண்டும்), ஆனால் எதிரொலி அப்படிப் போகாது. அதற்கு இடத்தைத்தான் மாற்றணும்.

சாமான் அறைக்குப் போனேன். அங்கே பித்தளை அண்டாவும் குடமும் நான் பேசப் பேச மெல்லக் கூடவே ரீங்கரித்தன. கடைசியில் ஆச்சியே, "மெத்தை போட்டிருக்கிற அறையில போய்ப் பேசிப் பாரேன்" என்றார்கள். சுற்றிலும் இலவம்பஞ்சு மெத்தை, மேலே ஒரு ஜமுக்காளம், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக். விடியற்காலை நாலரை மணி. குரல் அப்படியே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் குரல் சரியான பிறகுதான் பெரிய தப்பு தெரிந்தது. என் மாணவி ஒருத்தி கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்க போர்டுல எழுதிக்கிட்டே பேசுற மாதிரி இருக்கு, எனக்கு போர்டு தெரியலையே" என்றாள். உண்மைதான். சமன்பாட்டை அப்படியே வாயால் படித்திருந்தேன். காதுக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம்.

முழுவதும் மாற்றி எழுதினேன். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ கற்சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். அந்தக் கற்சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றி, அரைத்து, சுவரில் பூசினால், போன கார்பன் டை ஆக்சைடை அது காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. போனது, வந்தது என்ற கதையாகச் சொன்னால் சமன்பாடு தானாக மனதில் நிற்கிறது, அப்புறம் வகுப்பில் எழுதிக் காட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் செய்தேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஒரு வயசான கொத்தனாரைத் தேடிப் போய், அவர் சுண்ணாம்பு நீற்றுவதை அப்படியே பதிவு செய்தேன். "மூஞ்சியத் தள்ளி வச்சுக்கங்க டீச்சரம்மா, கண்ணுல தெறிச்சா அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினார். ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் புஸ்ஸென்று ஒரு சீறல், கல் வெடித்து உதிரும் சத்தம், பிறகு தளதளவென்று கொதி. அடுப்பே இல்லாமல்! வெப்ப உமிழ் வினைக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தையும் பேசாமல் 20 நொடி விட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு என்று பக்குவத்தைச் சொல்லச் சொல்ல எனக்கு வெட்டவே மனம் வரவில்லை, ஆனாலும் 40 நிமிடத்தை 3 நிமிடமாக்கினேன்.

வெளியிடுவது இவ்வளவு கஷ்டமில்லை. ஒலியை ஒரு ஹோஸ்டிங் தளத்தில் (ஒலிக் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் தளம்) ஏற்றினால் அது ஓர் ஆர்.எஸ்.எஸ். முகவரி (நம் பகுதிகளின் பட்டியல் இருக்கும் இணைய முகவரி) தரும், அதை ஆப்பிள், ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும், அடுத்தடுத்த பகுதிகள் தானாகப் போய்ச் சேரும். அட்டைப்படம் சதுரமாக, குறைந்தது 1400 பிக்சல் இருக்கணும், என்னுடையது சின்னதாக இருந்ததால் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. அந்த ஆர்.எஸ்.எஸ்.-இல் நம் மின்னஞ்சல் முகவரி எல்லோர் கண்ணிலும் படலாம், அதனால் இதற்கென்று தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். பேச்சுக்கு மோனோவும் (ஒரே ஒலித்தடம்) 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்.பி.3-யும் தாராளம். என் 9 நிமிடம் 4.3 எம்பி-தான் வந்தது, வீட்டில் ஒரே ஒரு போன் இருக்கும் பிள்ளைகளுக்கு இது முக்கியம்.

இன்று காலை அந்த மாணவி வந்து, "டீச்சர், அந்தச் சீறல் வர்ற இடத்தை எங்க ஐயாவுக்குப் போட்டுக் காட்டினேன், வீடு கட்டினப்ப கேட்டதுன்னு சொன்னாக" என்றாள்.

அடுத்த பகுதி கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுடும் சூளை நம் பக்கம் எங்கேயாவது இன்னும் எரிகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மைக்கோடு வந்துவிடுகிறேன்.