கையப் பொறத்தால கெட்டு

நமக்குப் பாடம் எடுத்த கெமிஸ்ட்ரி சார்வாள் தவறிவிட்டார். செங்கோட்டையில் அன்று சாரலாம். லேப் ஜன்னல்கள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் நம் எல்லார் காதிலும் கேட்டிருக்கும். நம்மில் பலர் இன்று புதியவர்களை வேலைக்குப் பழக்குகிற இடத்தில் இருக்கிறோம். அப்படிப் பழக்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆக்சாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனை முடித்தவன்தான் அடுத்த பெஞ்சுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "கையப் பொறத்தால கெட்டிக்கிட்டு நில்லுல, அவன் செய்யட்டும்" என்பார் சார்வாள். பெர்மாங்கனேட்டை ஊற்றும் அளவுக்குழாயான பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி நின்றால், அது பாதியில் வெளியேறி அளவு கூடும். புனலை எடுக்காவிட்டால் சொட்டு விழுந்து அளவு குறையும். ஆக்சாலிக் அமிலம் 60, 70 டிகிரி சூடு ஏறாவிட்டால் வினை மந்தமாகி, முடிவைக் காட்டும் இளஞ்சிவப்பு முன்னதாகவே நின்று ஏமாற்றும். சல்பியூரிக் அமிலம் போதாவிட்டால் பழுப்பாகக் கலங்கும். எல்லாம் தெரிந்தும், அவனாகக் கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது. தீ, அமிலம் என்றால் மட்டும் கை முன்னால் வரலாம்.

மூன்று ரீடிங்கும் 19.6 என்று எழுதியவனை நினைவிருக்கிறதா? முடிவுநிலை எங்கே என்று தெரியாமல் திறப்பதால் முதல் ரீடிங் பெரும்பாலும் கூடத்தான் வரும். அதை அழித்து மூன்றையும் ஒன்றுபோல ஆக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். சார்வாள் அவன் நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். அவன் அழுதான். நம்மில் ஒருவர்கூட அவன் பக்கத்தில் போய் நிற்கவில்லை.

ஆபீஸிலும் இதே முறைதான். முதலில் செய்து காட்டுங்கள். அடுத்து, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். பிறகு அவர் செய்ய, நீங்கள் பாருங்கள். கெடுவது இந்த மூன்றாவதில்தான். அவசரம் வந்ததும் மவுஸைப் பிடுங்கிவிடுகிறோம். அடுத்த முறையும் அவர் நமக்காகக் காத்திருப்பார். திருத்த முடிகிற தவறு என்றால் நடக்க விடுங்கள். வாரம் அரைமணி ஒதுக்கி, "எங்கே தப்பிற்று?" என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

கம்பெனிப் பயிற்சிகளில் செல்ஃப் லீடர்ஷிப், அதாவது தன்னைத் தானே நடத்திக்கொள்வது என்கிறார்களே, 1986இல் மேலாண்மை ஆய்வாளர் சார்ல்ஸ் மான்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பேச்சு, அது நமக்கு அந்த ஒற்றைக் கோடுதான். காலையில் இன்றைய வேலையையும் எங்கே பிசகலாம் என்பதையும் எழுதுங்கள். மாலையில், மேலதிகாரி கேட்குமுன், நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

ஆண்டுக்கு முப்பது நாள் லீவு. ஆரியங்காவு, குற்றாலம், கல்யாண வீடு என்று போய்விடும். அடுத்த பெஞ்சுக்குச் சொல்லிக் கொடுக்க நாம் அந்த லேப்புக்கு ஒரு நாளும் திரும்பிப் போகவில்லை. கடைசிவரை சார்வாள் மட்டும் அங்கே நின்றார்.