ஆயிரத்து இருநூறு வயது

அம்மா எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் அதே நேரத்தில் நானும் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அதனால் தீபாவளியன்று மெல்பர்னில் காலை ஒன்பதரை வரை காத்திருந்தேன். ஊரில் அப்போது விடியற்காலை நான்கு மணி. வீடியோவில் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, நெற்றியில் நல்லெண்ணெய் வழிய, பன்னிரண்டு முறை தும்மினேன். முதல் தும்மலுக்கு “நூறு” என்றாள். அடுத்ததற்கு இருநூறு, பிறகு முந்நூறு. எழுநூறோடு கணக்கை நிறுத்திவிட்டு, “மழையில் நனைந்தாயா?” என்று கேட்டாள்.

ஐப்பசியில் ஒருவன் தும்மினால் அவளுக்கு வேறு காரணம் தெரியாது. கைபேசியை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். மெல்பர்னின் மேற்குப் புறநகரான எங்கள் டார்னீட்டில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால், இன்னும் வீடு கட்டாத மனைகளில் இடுப்பளவுப் புல் தலையாட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் யாருக்காவது ஜலதோஷம் பிடிக்குமா என்றாள். நியாயமான கேள்விதான்.

நம் ஐப்பசி இங்கே வசந்தம். முதல் இரண்டு வசந்தங்களில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொண்டுவிட்டது என்று நண்பர்களிடம் பெருமை வேறு அடித்திருந்தேன். பலருக்கு இப்படித்தான், வந்து சில ஆண்டுகள் கழித்தே ஆரம்பிக்கும் என்பது அப்போது தெரியாது. ஊராக இருந்தால் மருந்துக் கடை அண்ணன் முகத்தைப் பார்த்தே இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, “ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று” என்று கொடுத்து, அப்பாவின் சர்க்கரை அளவையும் விசாரித்து அனுப்பியிருப்பார். இங்கே பல்பொருள் அங்காடியில் நானே எடுத்து, நானே இயந்திரத்தில் காட்டி, நானே விழுங்கினேன். மூன்று வாரம் இப்படியே போனது. வெறும் தும்மலுக்கு டாக்டரா என்ற கௌரவம்.

பிறகு இருமல் வந்தது, அதுவும் இரவு இரண்டு மணிக்கு மேல்தான். தலையணை இரண்டானது. ரயில் நிலையப் படிகளில் பாதியில் நின்று, கைபேசி பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். ஒரு நாள் இரவு மனைவி விளக்கைப் போட்டு, “உங்களுக்கு இழுக்கிறது” என்றாள்.

இழுப்பு என்றால் எனக்குத் தாத்தாதான். மார்கழி இரவுகளில் படுக்க முடியாமல், திண்ணைச் சுவரில் மடித்த போர்வையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கதவிடுக்கில் காற்று புகுவதுபோல் ஒரு சத்தம் அவர் நெஞ்சிலிருந்து வரும். பொடி டப்பாவைப் போல அதுவும் அவருடைய சொந்தச் சொத்து என்றே நினைத்திருந்தேன். முப்பத்தெட்டு வயதில் எனக்கு ஏன்?

டாக்டர் இளம்பெண். மூக்கைப் பார்த்ததுமே, “ஹே ஃபீவர்” என்றார். வைக்கோல் காய்ச்சல்! மன்னார்குடிப் பக்கம், தை அறுவடை முடிந்ததும் வைக்கோல் போரின் உச்சியிலிருந்து குதித்தே வளர்ந்தவன் நான். சுணை பட்டு உடம்பெல்லாம் அரித்திருக்கிறது; ஒரு தும்மல் வந்ததில்லை. என்னிடமா வைக்கோல்? அவமானமாகவே இருந்தது. வைக்கோலும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்று அவரே சிரித்தார். குற்றவாளி ரை புல். ஐரோப்பியர்கள் மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்து விதைத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்குக் காற்று அதன் மகரந்தத்தை ஊருக்குள் கொண்டுவந்து கொட்டும். அதுவும் குடியேறி வந்ததுதான். விசா கேட்டுத்தான் யாரும் அலையவைக்கவில்லை.

“வீஸிங் உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, அந்தச் சொல்லும் தாத்தாவின் இழுப்பும் ஒன்றுதான் என்று அந்த நிமிடம் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த மனைவி உண்டு என்றாள். டாக்டர் கணினியிலிருந்து நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார்.

2016 நவம்பர் 21 மாலை இந்த நகரத்தில் ஓர் இடிமழை வந்தது. காற்று வாரியெடுத்த மகரந்தம் மேகத்தின் ஈரத்தில் ஊறி வெடித்தது. முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும். இந்தத் துகள்கள் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை, மூக்கு உபத்திரவம் மட்டும்தான். இந்திய, ஆசிய வம்சாவளியினர் மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட அதிகமாகவே இருந்தார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, மூக்கும் கண்ணும் அரித்தால் மாத்திரை போதும், அதிலும் அடங்காமல் தூக்கம் கெட்டால் வாருங்கள் என்றார். இரவு இருமல், நெஞ்சில் சத்தம், படியேறினால் இரைப்பு என்றால் நாள் தள்ளாதீர்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாவிட்டால் என்னிடம் வரவே வேண்டாம், மூன்று பூஜ்யத்தை அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நெஞ்சுக்கு இரண்டு இன்ஹேலர் கொடுத்தார், இங்கே அதற்குப் பஃபர் என்று பெயர்: ஒன்று தினமும், நீல நிறத்தது அவசரத்துக்கு. மூக்குக்கு ஒரு ஸ்பிரே. அதை நேராக மேல்நோக்கி அடித்து, எல்லாம் தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது. நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டுமாம். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. இதை முதலிலேயே தோப்புக்கரணம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரே நாளில் பிடிபட்டிருக்கும்.

இப்போது நானும் இந்த ஊர்க்காரன்தான். காலையில் ராசிபலனுக்கு முன்னால் மகரந்த அளவைப் பார்க்கிறேன். வீட்டு முன்புறப் புல்லை முகமூடி கட்டிக்கொண்டு வெட்டுகிறேன். இங்கே கூச் என்று பெயர் வைத்திருக்கும் புல், நம் அறுகம்புல்லேதான். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு கைப்பிடி கிள்ளிக்கொள்வேன். அவருக்கு மட்டும் அது எந்தத் தொந்தரவும் தருவதில்லை.

சகித்துக்கொள்ள முடியாதது மழை. போன நவம்பரில் ஒரு நாள், வடக்கே அனல் காற்று, மேற்கே கறுத்த மேகம். இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு சிவப்பில் இருந்தது. ஊரில் இப்படி இருட்டினால் கொடியிலிருக்கும் துணியை எடுக்கப் போகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஓடி, துணியோடு சேர்ந்து நனைந்துவிட்டு வருவேன். இங்கே ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி, பாக்கெட்டில் நீல பஃபரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மண்வாசனை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். மகன் மூக்கை அதில் அழுத்தி, “போகலாமா அப்பா?” என்றான்.

அப்போது அம்மா அழைத்தாள். ஊரிலும் கொட்டுகிறதாம். கைபேசியை முற்றத்துப் பக்கம் நீட்டச் சொன்னேன். ஓட்டிலிருந்து அண்டாவில் விழும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் நேரம் பிடி என்றேன்.

“கை வலிக்கிறது, அடுப்பில் ரசம் பொங்குகிறது” என்று வைத்துவிட்டாள்.