லோலா வீட்டு தாலிபோங்

மே 4, இலோயிலோ, பிலிப்பைன்ஸ்

பக்கத்து வீட்டு பாட்டி, நான் லோலான்னு தான் கூப்பிடுவேன், பழைய துணில சுத்தின ஒரு போலோ, இந்த ஊர் பெரிய வெட்டுக்கத்தி, கொண்டு வந்து குடுத்தாங்க, அவங்க தாத்தா ஸ்பானிஷ்காரங்களுக்கு எதிரா தூக்கினதாம், 1898 நவம்பர் 17 இலோயிலோ பக்கத்து சாந்தா பார்பராவுல புரட்சிக் கொடி ஏத்தினப்ப அவர் அங்க இருந்தாராம். நிஜமான்னு பாத்து சொல்லுப்பான்னாங்க. கதையை ஓரமா வெச்சுட்டு முதல்ல கத்தியைத்தான் பாக்கணும்.

மே 6

கத்தி எந்த ஊர் வேலைன்னு கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகல. அலகுல ஒரு பக்கம் தட்டை, இன்னொரு பக்கம் மட்டும் சாய்வா சாணை பிடிச்சிருக்கு, உளி மாதிரி. பனாய், நெக்ரோஸ் தீவுகள் பக்கத்து தாலிபோங், தெனெக்ரேன்னு சொல்ற கத்திகள்ல எல்லாம் இதைத்தான் பாக்கலாம். தெற்குல சூலு தீவுகள் தௌசுக் மக்களோட பாரோங் கத்தியா இருந்தா இலை வடிவத்துல ரெண்டு பக்கமும் சாய்வு இருக்கும், கைப்பிடி முனைல காக்கட்டூ கிளி கொண்டை வேற. இதுல கைப்பிடி எருமைக்கொம்பு, முனைல பல்லைக் காட்டுற ஒரு பூதத்தலை, நுணுக்கமான வேலை, பல்லு தேஞ்சு வழவழன்னு ஆனது கை பட்டுப் பட்டுத்தான், சாயம் பூசி பழசாக்கின கொம்புல இந்த தேய்மானம் வராது.

மே 9

லோலா சம்மதிச்சதால கைப்பிடி கிட்ட கொஞ்சூண்டு இடத்துல மட்டும் வினிகர் தொட்டு வெச்சேன். கூர் ஓரம் ஒரு நிறம், முதுகுப் பக்கம் வேற நிறம்! நடுவுல அலையா ஒரு கோடு ஓடுது. மெது இரும்புல கெட்டி எஃகை வெச்சு உலையில அடிச்சு சேத்த வேலை. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் லாரி, ஜீப் ஸ்பிரிங் பட்டாவுல அடிச்ச கத்தின்னா இப்படி ரெண்டு இரும்பு தெரியாது, முழுக்க ஒரே மாதிரி தான் கறுக்கும். துருவை வெச்சு வயசு சொல்றவங்களை நான் நம்பவே மாட்டேன், இந்த ஊர் கடல் காத்துல ஒரே மழைக்காலம் போதும் துரு ஏற. அமெரிக்க ராணுவ மாடல் 1909 போலோன்னா அலகுலயே வருஷம் அடிச்சிருக்கும், கிராமத்துக் கொல்லன் கத்திக்கு அந்த வசதி கிடையாது, அதனால இரும்பையும் பிடியையும் தான் கேக்கணும்.

மே 10

உறை வேற காலம். ரெண்டு மரப்பலகை சேத்து பிரம்பு கட்டுற பழைய முறை தான், ஆனா வாய்ப்பக்கம் பூண் அலுமினியம். ஜப்பான் ஆக்கிரமிப்பு சமயத்துல கொரில்லாக்கள் விழுந்த விமானத் தகட்டைக் கூட விட்டு வைக்கல. அடியில 1945ன்னு கீறியிருக்கு, அந்த மார்ச் 18 தான் அமெரிக்கப் படை இந்தத் தீவுல திக்பாவுவான் கடற்கரைல இறங்குச்சு.

மே 12

லோலாகிட்ட சொன்னேன், அலகும் பிடியும் 19ம் நூற்றாண்டு கடைசி வேலையாத்தான் எனக்குப் படுது, தாத்தா காலத்துக்குப் பொருந்துது, சாந்தா பார்பராவுல இருந்துச்சான்னு கத்தியால சொல்ல முடியாது. உறை உங்க அப்பா காலம். அவங்க உடனே சித்தப்பா தான் மலைல கொரில்லாவா இருந்தார்னு ஆரம்பிச்சாங்க, எழுதி வெக்கச் சொல்லியிருக்கேன், பேரும் ஊரும் சேத்து. பேரன் எமரி பேப்பர் வாங்கி பளபளன்னு ஆக்கப் போறானாம், வேண்டவே வேண்டாம்னு கெஞ்சிட்டு வந்தேன், லேசா மினரல் ஆயில் தொட்டு துடைச்சா போதும், கத்தியை உறைக்குள்ளயே போட்டு வெக்காதீங்க மரம் ஈரத்தை இழுக்கும்.

புது உறை செய்யலாமான்னு கேட்டாங்க. செய்யக்கூடாது, அந்த அலுமினியப் பூண் போட்ட உறை கத்தியோடவே இருக்கணும்.